விருந்துக்கு மறுநாள்: நாயின் வயிற்றுப்போக்குக்கு வீட்டில் என்ன செய்யலாம்?

கேள்வி: எங்கள் வீட்டில் நான்கு வயது நாட்டு நாய் ஒன்று வளர்கிறது. பெயர் மணி, எடை 18 கிலோ. சென்ற வெள்ளிக்கிழமை வீட்டில் காதுகுத்து நடந்தது. வந்திருந்த உறவினர்கள் ஆளாளுக்கு மட்டன் பிரியாணியும் எலும்பும் போட்டுவிட்டார்கள். அன்றிரவே இரண்டு முறை வாந்தி எடுத்தது. மறுநாள் காலைக்குள் மூன்று முறை தண்ணீராகப் பேதியானது. சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் தண்ணீர் குடிக்கிறது, கூப்பிட்டால் வாலாட்டுகிறது. உடம்பு சுடுவதுபோல் தெரிந்ததால் என் கணவர் அரை பாரசிட்டமால் கொடுத்துவிட்டார். மருந்துக்கடையில் பேதியை நிறுத்த லோபரமைடு மாத்திரை கொடுத்தார்கள்; அதை இன்னும் கொடுக்கவில்லை. ஓமம் போட்ட மோர் போதும் என்கிறார் மாமியார். ஒரு நாள் முழுக்கப் பட்டினி போடுங்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். நாய் பார்க்கும் மருத்துவர் 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவரும் இருக்கமாட்டார். வீட்டிலேயே என்ன கொடுக்கலாம்? எதுவரை காத்திருக்கலாம்? மணியைக் கட்டிப்பிடித்து விளையாடும் ஆறு வயது மகனுக்கு ஏதாவது தொற்றுமா?

– ஒரு வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

இந்தப் பதில் உங்கள் கைக்கு வரும்போது மணி குணமாகியிருக்கலாம், அல்லது மருத்துவரிடம் போய் வந்திருக்கலாம். ஆனாலும் விசேஷம் நடக்கும் வீடுகளில் நாய்களுக்கு இது திரும்பத் திரும்ப நடப்பதாலும், நீங்கள் எழுதியிருக்கும் நான்கு யோசனைகளும் ஏறத்தாழ எல்லா வீடுகளிலும் எழுபவை என்பதாலும் விரிவாகவே பதில் எழுதுகிறேன். தடுப்பூசி போட்ட, நல்ல உடல்நிலையில் இருந்த, வளர்ந்த நாய் ஒன்று ஒரு வேளை கண்டதைத் தின்று இரண்டு முறை வாந்தியும் மூன்று முறை பேதியும் ஆகி, அதன் பிறகும் தண்ணீர் குடித்துக்கொண்டு வாலாட்டுகிறது என்றால், பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களில் வீட்டுப் பராமரிப்பிலேயே தேறிவிடும். அந்தப் பராமரிப்பில் மாத்திரைக்கு இடமே இல்லை என்பதுதான் நான் முதலில் சொல்ல விரும்புவது.

தினமும் சோறும் கொஞ்சம் பாலும் தின்று பழகிய குடலுக்குள் நெய்யும் இறைச்சிக் கொழுப்பும் மசாலாவும் ஒரே நேரத்தில் போய் இறங்கும்போது அவ்வளவு கொழுப்பையும் அது செரிக்க முடிவதில்லை. செரிக்காமல் கீழே இறங்கிய பகுதியைக் குடலில் உள்ள நுண்ணுயிரிகள் சிதைத்து மாற்றுகின்றன. அங்கே சேரும் பொருட்கள் உடலிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கின்றன. பேதியாக வெளியேறுவது அந்தத் தண்ணீர்தான். அதோடு சோடியம், பொட்டாசியம் போன்ற உப்புகளும் போய்விடுகின்றன. உள்ளே போன வேண்டாத சரக்கை உடல் இப்படித்தான் வெளியே தள்ளுகிறது. ஆகவே எத்தனை முறை பேதியானது என்பதைவிட, போன தண்ணீருக்கு ஈடாக உள்ளே எவ்வளவு போகிறது என்பதே உங்கள் முழுக் கவனத்துக்கும் உரியது. வயிற்றுப்போக்கால் இறக்கும் நாய்களில் மிகப் பல நீரிழப்பால்தான் இறக்கின்றன.

எதையும் கொடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி மணியைச் சோதித்துப் பாருங்கள். மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். அது இளஞ்சிவப்பாகவும், விரலால் தொட்டால் வழுவழுப்பான ஈரத்துடனும் இருக்க வேண்டும். சில நாட்டு நாய்களுக்கு ஈறு இயல்பாகவே கறுப்பாக இருக்கும். அப்படியானால் கீழ் இமையைச் சற்று இறக்கி உட்புறத்தின் நிறத்தைப் பாருங்கள். ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைப் பிடித்துத் தூக்கி விட்டால் அது உடனே பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். கூடாரம்போல் நின்று மெதுவாக இறங்கினால், உடல் எடையில் 5 சதவீதம் அளவுக்காவது தண்ணீர் போயிருக்கிறது என்று பொருள். மணியின் எடைக்கு அது ஏறக்குறைய 900 மில்லி. அவ்வளவையும் வாய்வழியாக மட்டும் ஈடுகட்டுவது கடினம். கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது என்பதையும் நினைவில் வையுங்கள். மூக்கு ஈரமாக இருக்கிறதா, காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. நன்றாக இருக்கும் நாய் தூங்கி எழுந்தாலும் மூக்கு காய்ந்துதான் இருக்கும்.

உடம்பு சுட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். நாயின் இயல்பான உடல் வெப்பமே 100.5 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட், அதாவது சுமார் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். நம் உடல் வெப்பத்தைவிட இது அதிகம் என்பதால், எந்த நாயைத் தொட்டாலும் நம் கைக்குச் சூடாகத்தான் தெரியும். கடையில் கிடைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை நாய்க்கென்று தனியாக வாங்கி, நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி, வாலைத் தூக்கி ஆசனவாயில் ஓர் அங்குலம் நுழைத்துப் பார்த்தால்தான் காய்ச்சல் உண்டா இல்லையா என்று தெரியும். 103க்கு மேல் இருந்தாலும், 99க்குக் கீழே இறங்கினாலும் மருத்துவர் பார்க்க வேண்டும். இரண்டாவதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் பேதியாகும் நாயின் உடல் குளிர்ந்துபோவது காய்ச்சலைவிட மோசமான அறிகுறி.

கொடுத்துவிட்ட அரை மாத்திரையை நினைத்துப் பதற வேண்டாம். அது 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதி என்றால், மணியின் எடைக்குக் கிலோவுக்குச் சுமார் 14 மில்லிகிராம் ஆகிறது. நாய்க்கு நச்சாகும் அளவு இதைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் இன்னொரு முறை கொடுக்காதீர்கள், மருத்துவரிடம் போனால் இதைச் சொல்ல மறக்காதீர்கள். அளவு கூடினால் பாரசிட்டமால் நாயின் கல்லீரலைக் கெடுக்கும். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையும் குறைக்கும். வீட்டில் பூனையும் இருந்தால் அதன் பக்கமே இந்த மாத்திரை போகக் கூடாது. ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

உண்மையில் நான் அதிகம் பயப்படுவது பாரசிட்டமாலுக்கு அல்ல. அதனோடு அசிகுளோபினாக் சேர்ந்த மாத்திரை, டைகுளோபினாக், ஐபுபுரூபன் ஆகியவற்றுக்கு. மூட்டுவலிக்கும் பல்வலிக்கும் வாங்கிய இவை எல்லா வீட்டு மருந்துப் பெட்டியிலும் கிடக்கின்றன. நாயின் வயிற்றிலும் குடலிலும் இவை புண்ணை உண்டாக்கி ரத்தக் கசிவை ஏற்படுத்தும். ஏற்கெனவே தண்ணீர் இழந்திருக்கும் நாய்க்குச் சிறுநீரகத்தையும் செயலிழக்கச் செய்யும். சாதாரண வயிற்றுப்போக்கோடு தொடங்கி, வீட்டில் கொடுத்த வலி மாத்திரையால் உயிருக்குப் போராடும் நிலைக்கு வந்துசேரும் நாய்கள் எங்கள் தொழிலில் புதிதல்ல.

லோபரமைடைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது குடலின் அசைவை அடக்கும் மருந்து. வெளியே போக வேண்டியதை அடக்கி உள்ளேயே நிறுத்தினால் நஞ்சும் கிருமியும் குடலில் நீண்ட நேரம் தங்கும்; எலும்புத் துண்டு எங்காவது சிக்கியிருந்தால் அந்த உண்மையும் மறைந்துபோகும். கோலி வகை நாய்களிலும் அவற்றின் கலப்பினங்களிலும் பலவற்றுக்கு ஒரு மரபணுக் குறைபாடு உண்டு. அவற்றில் இந்த மருந்து மூளைக்குள் புகுந்து நாயை மயக்கத்தில் ஆழ்த்திவிடும். மணி நாட்டு நாய் என்பதால் இந்த ஆபத்து அதற்குப் பெரும்பாலும் இல்லை. ஆனால் இதைப் படிப்பவர்களில் வேறு நாய் வளர்ப்பவர்களும் இருப்பார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பேதி என்றதும் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக்கை வாங்கிக் கொடுக்கும் பழக்கம் மனிதர்களிடமிருந்து நாய்களுக்கும் வந்துவிட்டது. அதை வளர்த்ததில் எங்கள் தொழிலுக்கும் பங்குண்டு. ஆனால் காய்ச்சலோ சோர்வோ இல்லாத திடீர் வயிற்றுப்போக்குக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை என்பதே ஐரோப்பிய நிபுணர் குழு 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் சாரம். இந்த மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பெரும்பாலான நாய்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில் தேறிவிடுகின்றன. கொடுத்தால் குடலில் இருக்க வேண்டிய நல்ல நுண்ணுயிரிகளும் குலைந்து, அவை பழைய நிலைக்குத் திரும்ப வாரக்கணக்கில் ஆகிறது. குழந்தைக்கு வாங்கிய வாந்தி மருந்தான ஆன்டன்செட்ரானையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். நாங்கள் நாய்க்குப் பயன்படுத்தும் மருந்துதான் அது. ஆனால் குடலில் அடைப்பு இல்லை என்று வயிற்றைத் தொட்டுப் பார்த்த பிறகே பயன்படுத்துகிறோம்.

இனிப் பட்டினியைப் பற்றி. ஒரு நாள் முழுக்க எதுவும் கொடுக்கக் கூடாது என்பது ஒரு காலத்தில் எங்கள் பாடப்புத்தகங்களிலேயே இருந்த அறிவுரைதான். ஆகவே உங்கள் பக்கத்து வீட்டுக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. குடலின் உட்சுவரில் உள்ள செல்கள் தமக்கு வேண்டிய சத்தில் பெரும்பங்கைக் குடலுக்குள் வரும் உணவிலிருந்தே எடுத்துக்கொள்வதால், நீண்ட பட்டினி அந்தச் சுவரை மெலியவைத்துக் குணமாவதைத் தாமதப்படுத்துகிறது என்று இப்போது அறிந்திருக்கிறோம். பார்வோ என்ற கொடிய வைரஸ் குடல் நோயில் வாடும் குட்டிகளுக்குக்கூட முன்கூட்டியே உணவைத் தொடங்குவது நன்மை தருகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே வாந்தி இருந்தால், கடைசி வாந்திக்குப் பிறகு ஆறு முதல் எட்டு மணி நேரம் வரை உணவை நிறுத்தினால் போதும். வாந்தி இல்லாமல் பேதி மட்டும் என்றால் நிறுத்தவே வேண்டாம். மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டியை எக்காரணம் கொண்டும் பட்டினி போடக் கூடாது. அதன் ரத்தத்தில் சர்க்கரை சில மணி நேரத்திலேயே இறங்கி வலிப்பு வந்துவிடும்.

தண்ணீரை மட்டும் எந்தக் கட்டத்திலும் முற்றிலும் நிறுத்தக் கூடாது. வாந்தி எடுத்த நாய்க்குத் தாகம் அதிகமாக இருக்கும். கிண்ணம் நிறைய வைத்தால் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, நிறைந்த வயிறு சுருங்கி அப்படியே வெளியே தள்ளிவிடும். வாந்தி நின்று ஒரு மணி நேரம் கழித்து மூன்று நான்கு மேசைக்கரண்டி, அதாவது சுமார் 50 மில்லி தண்ணீர் வையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை அதே அளவைத் தொடருங்கள். மூன்று மணி நேரம் உள்ளேயே தங்கினால் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். மணியின் எடையுள்ள நாய்க்குச் சாதாரண நாளிலேயே உணவில் உள்ளதையும் சேர்த்து ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் தேவை; பேதியில் போகும் அளவை அதற்கு மேல் கணக்கில் சேர்க்க வேண்டும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரான ஓஆர்எஸ் பொடியை நாய்க்கும் கொடுக்கலாம். 20.5 கிராம் பொட்டலம் முழுவதையும் கொதிக்கவைத்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட்டு மீதியைக் கொட்டிவிடுங்கள். கண் திட்டத்தில் பாதிப் பொடியைப் போட்டு ஒரு டம்ளரில் கலக்கினால் உப்பு கூடிப்போய், நன்மைக்குப் பதில் தீமை விளையும். பெட்டியில் அடைத்துப் பழச்சுவையோடு விற்கும் பானங்களில் சர்க்கரை அதிகம். அது குடலுக்குள் இன்னும் தண்ணீரை இழுக்கும். சர்க்கரை சேர்க்காதது என்று எழுதியிருக்கும் பொருளில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கக்கூடும்; நாய்க்கு அது கொடிய நஞ்சு. ஓஆர்எஸ் சுவை பிடிக்காமல் மணி முகத்தைத் திருப்பிக்கொண்டால், நொய்யைக் குழையக் காய்ச்சி உப்புப் போடாமல் வடித்த கஞ்சித் தண்ணீரையோ, கோழிக்கறியை வெறும் தண்ணீரில் வேகவைத்து மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்ட சாற்றையோ வைத்துப் பாருங்கள். தானாகக் குடிக்காத நாயை இருவர் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து ஊற்றுவதைக் காணும்போதெல்லாம் எனக்குப் பதைக்கும். அப்படி ஊற்றுவதில் ஒரு பகுதி மூச்சுக்குழலுக்குள் போய் நிமோனியா ஆகிவிடும். வயிற்றுப்போக்கைவிட அதை மாற்றுவது கடினம்.

ஓம மோரைப் பற்றி மாமியாரிடம் இதமாகச் சொல்லுங்கள். தயிர் சாப்பிட்டுப் பழகிய நாய்க்குப் புளிக்காத, உப்பில்லாத மோர் நாலைந்து கரண்டி கொடுப்பதில் தவறில்லை. தயிராக உறையும்போது பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை ஓரளவு குறைந்துவிடுகிறது. ஆனால் தாளித்த மோரோ, இஞ்சி, பச்சை மிளகாய், பெருங்காயம் சேர்ந்த மோரோ வேண்டாம். எரிந்து கிடக்கும் வயிற்றுக்கு ஓமமும் காரம்தான். பால் வேண்டவே வேண்டாம். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்கு லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறைவு, பேதியின்போது அது இன்னும் குறையும். சுட்ட வசம்பு, மாதுளந்தோல் கஷாயம், பூண்டு என்று வேறு யோசனைகளும் வரும். பூண்டு நாயின் சிவப்பணுக்களை உடைக்கக்கூடியது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். வாந்தி எடுக்கவைக்கிறேன் என்று உப்புக் கரைசலைப் புகட்டுவதும் நம் பக்கத்தில் வழக்கம். ரத்தத்தில் சோடியம் ஏறி நாய் வலிப்பில் இறந்துபோகும் அளவுக்கு அது ஆபத்தானது.

உணவைப் பொறுத்தவரை, சோறும் தோல், எலும்பு, கொழுப்பு நீக்கிய கோழி நெஞ்சுக்கறியும் போதும். சோற்றை வழக்கத்தைவிடக் குழைய வடித்து, வெறும் தண்ணீரில் வேகவைத்த கறியை உதிர்த்து, இரண்டு பங்கு சோற்றுக்கு ஒரு பங்கு கறி என்ற அளவில் பிசையுங்கள். உப்பு, மஞ்சள்தூள், எண்ணெய், வெங்காயம் எதுவும் வேண்டாம். முதல் வேளைக்கு இரண்டு மேசைக்கரண்டி மட்டும் வைத்துவிட்டு மூன்று மணி நேரம் பொறுங்கள். உள்ளே தங்கினால் மூன்று நான்கு மணிக்கு ஒருமுறை அரைக் கைப்பிடி வீதம் தொடருங்கள். முதல் நாள் மொத்தம் 150 முதல் 200 கிராம் வரை சென்றாலே போதும். மறுநாள் அதை இரு மடங்காக்கி நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம். தோலும் விதையும் நீக்கி ஆவியில் வேகவைத்த மஞ்சள் பூசணி, அதாவது பரங்கிக்காய், ஒரு வேளைக்கு ஒரு மேசைக்கரண்டி சேர்த்தால் அதன் கரையும் நார் குடலில் உள்ள தண்ணீரைப் பிடித்து மலத்தைக் கட்டியாக்க உதவும். வீட்டில் அசைவம் சமைக்காத நாட்களில் கறிக்குப் பதில் அவித்த முட்டையின் வெள்ளைக் கருவையோ, கொழுப்பு நீக்கிய கெட்டித் தயிரையோ சேர்க்கலாம். ரொட்டியும் பிஸ்கட்டும் நோயாளி உணவு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நாய்க்கு அவற்றால் ஒரு நன்மையும் இல்லை.

மலம் உருப்பட்ட பிறகும் ஒரு நாள் இதே உணவைத் தொடர்ந்து, அடுத்த மூன்று நான்கு நாட்களில் பழைய உணவைக் கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று கலந்து மாற்றுங்கள். கொஞ்சம் தேறியதும் பசியில் கெஞ்சும் கண்களைப் பார்த்து மனமிரங்கி வழக்கமான தட்டை நிரப்பிவிடுவதால்தான் பல நாய்களுக்கு மூன்றாம் நாள் மீண்டும் பேதியாகிறது. அதே சமயம் சோறும் கோழியும் நல்லதுதானே என்று மாதக்கணக்கில் கொடுத்துவிடவும் கூடாது. அதில் கால்சியமும் வேறு பல சத்துகளும் போதாது. ஒரு வாரம் என்பதே அதற்கு எல்லை.

மணியின் விஷயத்தில் எனக்கு உண்மையான கவலை தருவது மசாலா அல்ல, எலும்பு. வெந்த எலும்பு கடிக்கும்போது கூரான சில்லுகளாகப் பிளக்கும். சிறு துண்டுகளை வயிற்று அமிலம் கரைத்துவிடும். பெரிய துண்டு தொண்டையிலோ, வயிற்றின் வாயிலிலோ, குடலிலோ சிக்கலாம், சில வேளை குடலைத் துளைத்தும்விடலாம். தின்றது வெள்ளிக்கிழமை என்றால் திங்கள், செவ்வாய் வரையிலாவது விழிப்பாக இருக்க வேண்டும். நின்றிருந்த வாந்தி மீண்டும் தொடங்குவது, குடித்த தண்ணீர்கூடத் தங்காமல் வருவது, மலம் வராமல் முக்குவது, வயிற்றைத் தொட்டால் உறுமுவது இவற்றில் எது தெரிந்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வாழைப்பழமும் விளக்கெண்ணெயும் கொடுத்தால் எலும்பு வழுக்கிக்கொண்டு வந்துவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மாங்கொட்டை, மக்காச்சோளத் தக்கை, தேங்காய் நார் ஆகியவற்றை விழுங்கிய நாய்க்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

கொழுப்பு மிகுந்த விருந்துக்குப் பின் ஒன்றிரண்டு நாளில் கணையம் அழற்சி அடைவதும் உண்டு. முன்கால்களைத் தரையில் நீட்டி, மார்பைத் தாழ்த்தி, பின்பகுதியை மட்டும் உயர்த்தி வணங்குவதுபோல் ஒரு நாய் நெடுநேரம் நின்றால் அது வயிற்று வலியின் அடையாளம். விளையாட அழைக்கும் நாயும் அப்படித்தான் வளையும். ஆனால் அது மறுநொடி துள்ளும், வலியில் இருப்பது துள்ளாது. இதற்கு ட்ரிப்ஸும் வலிநிவாரணமும் தேவைப்படுவதால் வீட்டில் சமாளிக்க முடியாது.

எல்லாவற்றையும்விட அவசரமானது வயிறு முறுக்கிக்கொள்வது. நாய் வாந்தி எடுக்கத் திரும்பத் திரும்ப முயன்றும் நுரையைத் தவிர ஒன்றும் வராமல், விலாவுக்குப் பின்னால் வயிறு மேளம்போல் உப்பி, நிற்கவும் படுக்கவும் முடியாமல் தவித்தால், நடு இரவானாலும் 30 கிலோமீட்டர் ஆனாலும் அந்தக் கணமே வண்டியை எடுக்க வேண்டும். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற மார்பு ஆழமான பெரிய நாய்களுக்கே இந்த அபாயம் அதிகம்.

ரத்தத்தைக் கண்டால் எல்லோரும் நடுங்கிவிடுகிறோம். அதிலும் வேறுபாடு உண்டு. அடிக்கடி முக்கிக் கொஞ்சமாகச் சளியோடு போகும் மலத்தின் கடைசியில் ஓரிரு துளி சிவப்பு ரத்தம் தெரிந்தால் பெருங்குடல் எரிச்சல் என்று பொருள். நாய் சுறுசுறுப்பாக இருந்தால் மறுநாள் காலை வரை பொறுக்கலாம். மலமே இல்லாமல் ரத்தமாகவே பேதியாவதும், தார் நிறத்தில் கறுத்துப் போவதும், வாந்தியில் காப்பித்தூள் நிறம் தெரிவதும் அப்படிப் பொறுக்கத் தக்கவை அல்ல. அரை நாளில் மூன்று முறைக்கு மேல் வாந்தி, 24 மணி நேரம் கடந்தும் நிற்காத வாந்தி, ஒரு நாளுக்கு மேல் உணவை அடியோடு மறுப்பது, 12 மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, வெளுத்த ஈறு, மஞ்சள் படர்ந்த கண், எழுந்திருக்க முடியாத சோர்வு ஆகியவையும் அப்படியே. இவை எதுவும் இல்லாமல் பேதி மட்டும் தொடர்ந்தால் 48 மணி நேரம் வரை காத்திருக்கலாம்.

பிரியாணி தின்றதைக் கண்ணால் பார்த்துவிட்டதால் அதுதான் காரணம் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம்; வேறு காரணமும் இருக்கலாம். உங்கள் மாவட்டத்தில் கோழிப்பண்ணைகள் நிறைய. செத்த கோழியைத் தின்றாலோ, எலிக்கு வைத்த மருந்தைத் தின்றாலோ, வயலில் அடித்த பூச்சிமருந்து பட்டாலோ முதலில் தெரிவது வாந்தியும் பேதியுமாகவே இருக்கக்கூடும். எச்சில் வழிந்து, உடல் நடுங்கி, கண்ணின் பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தால் பூச்சிமருந்தைச் சந்தேகித்து, டப்பா கிடைத்தால் அதையும் எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள். உண்ணிக் காய்ச்சலும், மழைக்காலத்தில் எலிக்காய்ச்சலும் சோர்வும் வாந்தியுமாகவே தொடங்கும். இன்னும் தடுப்பூசி முடியாத குட்டிக்கு வாந்தியும் நாற்றமடிக்கும் ரத்தப் பேதியும் கண்டால், பார்வோ இல்லை என்று உறுதியாகும்வரை அது பார்வோதான். அதற்கு நான் மேலே எழுதிய வீட்டு முறை எதுவும் பொருந்தாது. அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

பிரியாணியில் இருந்த வெங்காயம் பற்றியும் ஒரு வார்த்தை. நாயின் உடல் எடையில் கிலோவுக்கு 15 கிராம் அளவை வெங்காயம் எட்டும்போது சிவப்பணுக்கள் சிதையத் தொடங்குகின்றன. மணியின் எடைக்கு அது 270 கிராம். சில கைப்பிடி பிரியாணியில் அவ்வளவு இருக்காது. ஆனால் ஆளாளுக்குப் போட்டார்கள் என்று எழுதியிருப்பதால், அடுத்த நான்கைந்து நாட்கள் சிறுநீர் பழுப்பாகவோ சிவப்பாகவோ போகிறதா என்று பாருங்கள். விருந்தில் பாயசமோ கேசரியோ இருந்து அதையும் போட்டிருந்தால் அதில் கிஸ்மிஸ் இருந்ததா என்று விசாரியுங்கள். சில நாய்களுக்கு உலர்திராட்சை மிகக் குறைந்த அளவிலேயே சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்துவிடும். ஆகவே இருந்தது என்று தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுவதே சரி.

ஞாயிற்றுக்கிழமை குறித்துக் கேட்டிருந்தீர்கள். நாய் மருத்துவர் என்று பலகை போட்டவர்தான் வேண்டும் என்பதில்லை. நாள் முழுக்க மாடும் ஆடும் பார்க்கும் அரசு கால்நடை மருந்தக மருத்துவரும் இதே படிப்பைப் படித்தவர்தான். ட்ரிப்ஸ் ஏற்றவும் வாந்தியை நிறுத்த ஊசி போடவும் அவரால் முடியும். எலும்பு அடைப்பா என்று எக்ஸ்ரே எடுக்க மட்டும் பெரிய இடத்துக்குப் போக வேண்டியிருக்கும். அவருடைய தொலைபேசி எண்ணைச் சனிக்கிழமையே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது தடுப்பூசி அட்டை, வாந்தியையும் மலத்தையும் கைபேசியில் எடுத்த படம், சுத்தமான சிறு டப்பாவில் அன்று போன மலம், கொடுத்த மாத்திரையின் அட்டை ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். கடைசியாகக் குடற்புழு மருந்து கொடுத்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் அதையும் சொல்லுங்கள். ஆனால் பேதி நடக்கும்போதே அந்த மருந்தை நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் மகனைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். கொழுப்பு ஒத்துக்கொள்ளாமல் வந்த பேதி யாருக்கும் தொற்றாது. பார்வோ கிருமியும் மனிதருக்கு நோய் தராது. ஆனால் சால்மொனெல்லா, கேம்பைலோபேக்டர் போன்ற பாக்டீரியாக்களும், ஜியார்டியா என்ற ஒற்றைச் செல் உயிரியும், கொக்கிப்புழுவும் நாயின் மலம் வழியாகவும், எலிக்காய்ச்சல் கிருமி சிறுநீர் வழியாகவும் மனிதருக்கு வரக்கூடியவை. எதனால் பேதி என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்பதால், மலம் உருப்பட்டு இரண்டு நாள் ஆகும்வரை மகன் மணியைக் கட்டிப்பிடிப்பதையும் முகத்தை நக்கவிடுவதையும் தள்ளிவையுங்கள். தொட்டால் சோப்புப் போட்டுக் கைகழுவச் சொல்லுங்கள். மலத்தை நீங்களே கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டி எடுத்து, அந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவிய பிறகு, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டு அலசிவிடுங்கள். வழக்கமாக ஊற்றும் பினாயிலை நம்ப வேண்டாம். எல்லாக் கிருமிகளுக்கும் அது போதாது. மணியின் தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைப் பாத்திரங்களோடு சேர்க்காமல் தனியாகத் தினமும் தேய்த்து வையுங்கள். மகனுக்கும் வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ கண்டால், வீட்டில் நாய்க்கும் பேதி இருந்தது என்பதைக் குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள்.